ஃபெல்ட்ஸ்பாரின் வண்ண மின்னல்: கல்லுக்குள் இருக்கும் அடுக்குகளைப் படிப்பது எப்படி?

லாப்ரடோரைட் என்ற ஃபெல்ட்ஸ்பார் கல்லின் துண்டு ஒன்றை உரலில் போட்டு இடித்தால் கிடைப்பது வெறும் வெள்ளைப் பொடி. மயில் கழுத்து நீலம், பச்சை, தங்க மஞ்சள் என்று சற்றுமுன் மின்னிய எதுவும் அதில் இருக்காது. மரகதத்தை இடித்துப் பொடியாக்கினாலும் அதில் உள்ள குரோமியம் எங்கும் போய்விடாது. நீலக்கல்லில் இரும்பும் டைட்டானியமும் அப்படியே இருக்கும். லாப்ரடோரைட்டில் அந்த மாதிரி நிறம் தரும் தனிமம் எதுவும் இந்த வேலையைச் செய்யவில்லை. அடுக்குகள்தான் செய்கின்றன. அடுக்கு சிதைந்தால் நிறமும் போச்சு.

அந்த அடுக்குகள் எப்படி உருவாகின்றன, எவ்வளவு தடிமன் என்ன நிறம் தரும், கையில் இருக்கும் கல்லில் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது, பட்டை தீட்டுபவர் எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். கணக்கு கொஞ்சம் வரும், பெருக்கல் தெரிந்தால் போதும். இந்தக் கற்களைப் பற்றி இணையத்தில் உலவும் விளக்கங்களில் பாதி "ஒளி பட்டுச் சிதறுகிறது" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. எந்தக் கல்லில் எது நடக்கிறது என்பதுதான் சுவாரசியமே.

படி 1: முதலில் கலவையைப் புரிந்துகொள்ளுங்கள்

பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். கிரானைட் படிக்கட்டில் தெரியும் வெள்ளை, இளஞ்சிவப்புத் துகள்கள் எல்லாம் அதுவே. சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனோடு கைகோத்து ஒரு முப்பரிமாணச் சட்டகம் கட்டியிருக்கும். சட்டகத்தின் இடைவெளிகளில் பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். பொட்டாசியம் உட்கார்ந்தால் ஆர்த்தோகிளேஸ் குடும்பம். சோடியம் என்றால் ஆல்பைட். கால்சியம் என்றால் அனார்த்தைட். இயற்கையில் இவை தூய்மையாகக் கிடைப்பது குறைவு, கலந்துதான் கிடைக்கும். சோடியமும் கால்சியமும் கலந்த வரிசைக்குப் பிளாஜியோகிளேஸ் என்று பெயர். லாப்ரடோரைட் இந்த வரிசையின் நடுப்பகுதி: அனார்த்தைட் பங்கு 50 முதல் 70 சதவீதம் வரை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பொட்டாசியம் அயனி பெரியது, ஆரம் ஏறக்குறைய 0.15 நானோமீட்டர். சோடியம் 0.12. அதனால் இவை இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்து வாழ்வது கஷ்டம். சோடியமும் கால்சியமும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் மின்னூட்டம் வேறு. சோடியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு இரண்டு. ஒரு சோடியம் இருந்த இடத்தில் கால்சியம் வந்து அமர வேண்டுமானால், பக்கத்தில் ஒரு சிலிக்கன் வெளியேறி அலுமினியம் உள்ளே வந்தால்தான் மின்கணக்கு நேராகும். சிலிக்கனும் அலுமினியமும் சட்டகத்தின் தூண்கள். அவற்றை இடம் மாற்றுவது இயற்கைக்கே ஆமை வேக வேலை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்திரகாந்தக் கல்லும் (மூன்ஸ்டோன்) லாப்ரடோரைட்டும் ஏன் வேறு வேறு மாதிரி மின்னுகின்றன என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

படி 2: சூடு இறங்கும்போது நடப்பது

உயர்ந்த வெப்பநிலையில் எல்லாம் சமாதானமாகக் கலந்திருக்கும். பொட்டாசியம், சோடியம் ஃபெல்ட்ஸ்பார்கள் ஏறக்குறைய 660 டிகிரி செல்சியஸுக்கு மேல் எந்த விகிதத்திலும் ஒரே படிகமாக இருக்க முடியும். வெப்பம் இறங்கியதும் சட்டகம் சுருங்குகிறது, பெரியதும் சிறியதும் ஒரே அறையில் இருக்க முடியாத நிலை வருகிறது. திடப்பொருளாக இருக்கும்போதே, உருகாமலே, அயனிகள் மெதுவாக நகர்ந்து பொட்டாசியம் மிகுந்த பகுதி, சோடியம் மிகுந்த பகுதி என்று பிரிகின்றன. உருக்கிய நெய் ஆறும்போது மணல் மணலாகத் திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். சட்டென்று குளிரவைத்தால் நைசாக இருக்கும், மெல்ல ஆறவிட்டால் மணல் பெரிதாகும். கல்லிலும் அதே கதை.

ஆனால் கல்லில் பிரிவது உருண்டை மணலாக இல்லை. தட்டையான, இணையான தகடுகளாகப் பிரிகிறது. ஏன் தட்டை? பிரிந்த இரண்டு பகுதிகளும் ஒரே சட்டகத்தைப் பகிர்ந்துகொண்டே இருக்கின்றன. எல்லையில் சட்டகம் அறுபடுவதில்லை, சற்று இழுபட்டு அடுத்த பகுதிக்குள் தொடர்கிறது. அந்த இழுவை மிகக் குறைவாக இருக்கும் திசை ஒவ்வொரு படிகத்திலும் குறிப்பிட்ட ஒன்றுதான். தகடுகள் எல்லாம் அந்தத் திசையிலேயே வரிசைகட்டி நிற்கின்றன. இந்த ஒழுங்கு மட்டும் இல்லாவிட்டால் கல் பால் கலங்கியது போல இருந்திருக்கும், மின்னியிருக்காது.

பிளாஜியோகிளேஸ் வரிசையில் இப்படிப் பிரியும் இடங்கள் மூன்று. அனார்த்தைட் பங்கு சுமார் 2 முதல் 16 சதவீதம் வரை உள்ள பகுதியில் பிரிந்தால் பெரிஸ்டெரைட் என்ற நீலச் சாயல் காட்டும் வெள்ளைக் கல் கிடைக்கிறது. சுமார் 47 முதல் 58 வரை உள்ள பகுதிதான் லாப்ரடோரைட் மின்னலின் இடம். டென்மார்க் கனிமவியலாளர் ஓவே பால்தசார் போகில்ட் 1924ல் இந்த மின்னலை விரிவாக ஆராய்ந்து எழுதியதால், இந்தப் பகுதி அவர் பெயரிலேயே போகில்ட் இடைவெளி என்று அழைக்கப்படுகிறது. மூன்றாவது இடைவெளி கால்சியம் இன்னும் அதிகமான பக்கம் இருக்கிறது. நம் விஷயத்துக்கு அது முக்கியமில்லை.

கவனியுங்கள், லாப்ரடோரைட் என்ற பெயர் 70 சதவீதம் வரை செல்லும், ஆனால் மின்னும் பகுதி 58ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. அதனால்தான் வேதியியல்படி லாப்ரடோரைட்டாக இருந்தும் துளிகூட மின்னாத கற்கள் ஏராளம். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் எரிமலைக் குழம்பில் வந்த லாப்ரடோரைட் அப்படிப்பட்டது. அதில் கால்சியமும் சற்று அதிகம், குழம்பு சீக்கிரம் குளிர்ந்ததால் பிரியவும் நேரம் இல்லை. கண்ணாடி போல் தெளிவாக இருக்கும்.

மின்னும் லாப்ரடோரைட் ஆழத்தில் பிறந்தது. கனடாவின் லாப்ரடோர் கடற்கரையில் நைன் என்ற ஊரைச் சுற்றிக் கிடைத்த இந்தக் கல்லை மொராவியக் கிறிஸ்தவப் பிரசாரகர்கள் 1770களில் ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பாறைகளின் வயது ஏறக்குறைய 130 கோடி ஆண்டு. பூமிக்கு அடியில் பெரும் திரளாகத் திரண்டு, அவசரமே இல்லாமல் குளிர்ந்தவை. அலுமினியமும் சிலிக்கனும் இடம் மாற அவ்வளவு நிதானம் தேவைப்பட்டது. பொட்டாசியம், சோடியம் பிரிவதற்குத் தூண்களை அசைக்கவே வேண்டாம், அதனால் சந்திரகாந்தக் கல்லில் பிரிதல் ஒப்பீட்டளவில் சுலபம்.

ரொம்ப நிதானமும் ஆபத்துதான். பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மேலும் மேலும் மெதுவாக ஆறினால், அதுவும் நீர் கலந்த சூழலில், தகடுகள் தடித்துக்கொண்டே போய்க் கண்ணுக்கே தெரியும் வெள்ளைக் கோடுகளாகிவிடும். கனடாவின் பெர்த் ஊரின் பெயரால் அதற்குப் பெர்த்தைட் என்று பெயர். நம் ஊர் கிரானைட்டுகளிலும் நிறையப் பார்க்கலாம். அழகு உண்டு, மின்னல் இல்லை.

படி 3: தடிமனிலிருந்து நிறத்துக்கு

ஒரு தகடு கால்சியம் மிகுந்தது, அடுத்தது சோடியம் மிகுந்தது, மீண்டும் கால்சியம். இப்படி ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறது. ஒளி ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் திரும்புகிறது. ஒரு ஜோடித் தகட்டிலிருந்து திரும்பிய அலையும் அடுத்த ஜோடியிலிருந்து திரும்பிய அலையும் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்ந்தால் ஒளி பெருகும். சேராவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எந்த அலைநீளம் சேரும் என்பதை ஜோடியின் தடிமன் தீர்மானிக்கிறது.

நேராக விழும் ஒளிக்குச் சூத்திரம் எளிது: அலைநீளம் என்பது 2 × ஒளிவிலகல் எண் × ஒரு ஜோடியின் தடிமன். லாப்ரடோரைட்டின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.56. எனவே தடிமனை 3.12 ஆல் பெருக்கினால் போதும். ஜோடித் தடிமன் 150 நானோமீட்டர் என்றால் 468, அது நீலம். 175 என்றால் 546, பச்சை. 190க்கு 593, மஞ்சளும் ஆரஞ்சும் சந்திக்கும் இடம். 210க்கு 655, நல்ல சிவப்பு. 150க்கும் 210க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 60 நானோமீட்டர். அதற்குள் வானவில் முழுவதும் அடங்கிவிடுகிறது.

பொதுவாகக் கால்சியம் கூடக்கூடத் தகடு தடிக்கிறது, நிறம் நீலத்திலிருந்து சிவப்பை நோக்கி நகர்கிறது. ஒரே படிகத்தில் நடுவுக்கும் விளிம்புக்கும் கால்சியம் அளவு மாறினால், நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் இன்னொரு நிறமுமாகப் பட்டைகள் தெரியும். அப்படிப்பட்ட துண்டு கிடைத்தால் விடாதீர்கள், படிகம் வளர்ந்த வரிசையே அதில் எழுதியிருக்கிறது.

இனி ஒரு கேள்வி வர வேண்டும். இரண்டு தகடுகளும் ஃபெல்ட்ஸ்பார்தானே, ஒளிவிலகல் எண்ணில் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? உண்மைதான், மிகச் சொற்பம். கலவையில் 12 சதவீதம் வேறுபாடு என்று வைத்துக்கொண்டால் ஒளிவிலகல் எண்ணில் 0.006 அளவுக்குத்தான் வேறுபாடு வரும். அப்படி ஓர் எல்லை திருப்பி அனுப்பும் ஒளி பத்து லட்சத்தில் 4 பங்கு. கண்ணால் பார்க்கவே முடியாது. 100 ஜோடிகளுக்கு 200 எல்லைகள், சும்மா கூட்டினால் 0.08 சதவீதம். அதுவும் ஒன்றுமில்லை.

ஆனால் அலைகள் ஒத்திசைந்து சேரும்போது ஒளியின் அளவு எண்ணிக்கையைப் போல் கூடாமல் அதன் வர்க்கத்தைப் போல் கூடுகிறது. அடுக்கு முழுக்க ஒழுங்காக இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் அதே 100 ஜோடிகள் ஏறக்குறைய 13 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அதுவும் அந்த ஒரே நிறத்தில் மட்டும். 100 ஜோடிகளின் மொத்தத் தடிமன் எவ்வளவு தெரியுமா? 17 அல்லது 18 மைக்ரோமீட்டர், தலைமுடியின் கனத்தில் கால் பங்கு. இந்த மின்னலுக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அடுக்குகளின் எண்ணிக்கையும் அவற்றின் ஒழுங்கும்தான் எல்லாம்.

இந்தத் தகடுகளைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாது, ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியவை. 1965ல் லாவெஸ், நிசன், பொல்மான் ஆகிய மூவர் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வில் லாப்ரடோரைட் தகடுகளைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன்பே திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், பெங்களூரில் தம் மாணவர் ஏ. ஜெயராமனோடு இந்தக் கற்களைக் கையில் எடுத்திருந்தார். இலங்கைச் சந்திரகாந்தக் கற்கள், லாப்ரடோரைட் இரண்டைப் பற்றியும் அவர்கள் கட்டுரைகள் 1950ல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வந்தன. ஒளிச்சிதறலுக்கு நோபல் வாங்கியவருக்கு இந்தக் கற்கள் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஒரு பொதுவான தவறான கருத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பிளாஜியோகிளேஸின் பிளவுத் தளத்தில் (கல் இயல்பாகப் பிளக்கும் தட்டையான தளம்) கோடுபோட்ட நோட்டுப் போல மெல்லிய இணைகோடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். அவை இரட்டைப் படிகங்களின், அதாவது திசை மட்டும் மாறி ஒட்டி வளர்ந்த படிகப் பகுதிகளின், எல்லைகள். "இந்த இரட்டைப் படிக அடுக்குகள்தான் நிறம் தருகின்றன" என்று பல விற்பனைக் குறிப்புகள் சொல்கின்றன. அது சரியில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவு தடித்த எதுவும் இந்த வேலைக்கு உதவாது. இரட்டைப் படிகத்தின் இரு பக்கமும் கலவை ஒன்றே. நிறம் தருவது கலவை மாறும் நுண்தகடுகள்.

படி 4: செல்போன் டார்ச்சை எடுங்கள்

அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு புள்ளி விளக்கு மட்டும் வையுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வரும், ஒன்றும் பிடிபடாது. டார்ச்சை உங்கள் கண்ணுக்கு அருகில் பிடித்துக் கல்லை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு நிலையில் மின்னல் திடீரென்று பிடிக்கும், சில டிகிரி தாண்டியதும் அணைந்துவிடும். பிடிக்கும் நிலையில் தகடுகள் உங்களைப் பார்த்தபடி நிற்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் தள்ளி, கண்ணை எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். மின்னலைத் தவறவிடாமல் கல்லையும் திருத்திக்கொண்டே வாருங்கள். நிறம் மாறுவதைப் பார்க்கலாம், எப்போதும் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கிய பக்கமே போகும். நேராகப் பார்க்கும்போது 655 நானோமீட்டர் சிவப்பாக இருந்த அடுக்கு, மேற்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 டிகிரி சரிந்த ஒளியில் 545க்கு இறங்கிப் பச்சையாகிவிடும். கல்லுக்குள் நுழைந்ததும் 60 டிகிரி 34 டிகிரியாக மடங்குவதால் மாற்றம் இதோடு நிற்கிறது. இல்லாவிட்டால் நீலத்தையும் தாண்டிப் போயிருக்கும். நீலக் கல் சாய்க்கும்போது ஊதாவாகி மங்கிவிடுவதும் இதனால்தான்.

கல்லின் அடியில் கறுப்புத் துணி வைத்துப் பாருங்கள். பின்னால் இருந்து வரும் வெள்ளை வெளிச்சம் அடங்கியதும் நிறம் பளிச்சென்று எழும். ஃபின்லாந்தின் யூலமா பகுதியில் கிடைக்கும் லாப்ரடோரைட் உலகப் புகழ் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம், அதன் உடல் நிறமே கறுப்பு. 1940ல் சால்பா பாதுகாப்பு அரண் கட்டும்போது வெளிப்பட்ட அந்தக் கல்லுக்கு ஃபின்லாந்துப் புவியியலாளர் ஆர்னே லைடகாரி வைத்த பெயர் ஸ்பெக்ட்ரோலைட். மற்ற ஊர்க் கற்களையும் அந்தப் பெயரில் விற்பது இப்போது சகஜம், விலையைக் கூட்டிச் சொல்ல வசதியாக இருக்கிறது.

கல் இல்லையா? பரவாயில்லை, பக்கத்தில் இருக்கும் கிரானைட் கடைக்குப் போங்கள். ப்ளூ பேர்ல், எமரால்டு பேர்ல் என்று சமையலறை மேடைக்கும் கடை முகப்புக்கும் போடுகிறார்களே, அது கிரானைட்டே இல்லை. நார்வேயின் லார்விக் பகுதியிலிருந்து வரும் லார்விகைட் என்ற பாறை, வயது ஏறக்குறைய 30 கோடி ஆண்டு. அதில் வெள்ளி நீலமாக மின்னும் ஒவ்வொரு திட்டும் ஒரு ஃபெல்ட்ஸ்பார் படிகம், பொட்டாசியமும் சோடியமும் கால்சியமும் சேர்ந்து பிரிந்தது. பலகையின் முன்னால் மெதுவாக நடந்து பாருங்கள். ஒரு திட்டு அணையும்போது இன்னொன்று எரியும், ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருப்பதால். ஒரு புவியியல் வகுப்புக்கு அதைவிட மலிவான பாடக் கருவி கிடையாது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார், அதற்கு மட்டும் பதில் தயாராக வைத்திருங்கள்.

படி 5: சந்திரகாந்தக் கல்லை வேறு கண்ணால் பாருங்கள்

சந்திரகாந்தத்தில் வண்ணத் தகடு போன்ற மின்னல் வராது. கல்லுக்குள் மிதக்கும் வெண்ணீல ஒளி, கல்லைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு நகரும். இங்கேயும் தகடுகள்தான், பொட்டாசியம் மிகுந்த ஆர்த்தோகிளேஸுக்குள் ஆல்பைட் தகடுகள். ஆனால் அவை மிக மெல்லியதாக, லாப்ரடோரைட் அளவுக்கு ஒரே சீரான இடைவெளி இல்லாமல் இருப்பதால் ஒளிச்சிதறல் முன்னால் வந்துவிடுகிறது. அலைநீளத்தைவிட மிக மெல்லிய பொருள்கள் நீலத்தை அதிகம் சிதறடிக்கும், வானம் நீலமாகத் தெரியும் அதே காரணம். தகடு தடித்தால் எல்லா நிறமும் சேர்ந்து சிதறி வெறும் வெள்ளையாகும். எனவே நீலச் சாயல் என்பது மெல்லிய தகடுகளின் அடையாளம். சந்தையில் நீலத்துக்கு விலை அதிகம், வெள்ளைக்குக் குறைவு. அந்த விலை வித்தியாசத்தின் பின்னால் இருப்பது சில பத்து நானோமீட்டர்.

நீலச் சந்திரகாந்தத்துக்குப் பேர்போன இடம் இலங்கையின் தென்மேற்கில், அம்பலாங்கொடைக்கு அருகில் உள்ள மீட்டியாகொட. குழி தோண்டி, பக்கச் சுவர்களுக்கு மரம் முட்டுக்கொடுத்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே எடுக்கிறார்கள். அங்கே பாறை மட்கி வெள்ளைக் களிமண்ணாகிவிட்டது, கற்கள் அதற்குள் புதைந்திருக்கும். தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்திலும் சந்திரகாந்தம் கிடைக்கிறது.

இந்தத் தகடுகளுக்குச் சாட்சி வேண்டுமா? 1921ல் ஜப்பானில் கோசு, எண்டோ என்ற இருவர் சந்திரகாந்தத்தை எக்ஸ்ரேயில் பார்த்தபோது ஒரே கல்லில் இரண்டு ஃபெல்ட்ஸ்பார்களின் தடயங்கள் தெரிந்தன. கல்லை உயர் வெப்பத்தில் சூடேற்றியதும் இரண்டும் ஒன்றாகின. 1000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் ஆல்பைட் தகடுகள் திரும்பவும் கரைந்து ஒன்றுகலக்கின்றன, மின்னலும் மறைகிறது. லாப்ரடோரைட்டில் இதே வித்தை அவ்வளவு சுலபமாகப் பலிக்காது, காரணம் படி 1ல் சொன்ன தூண்கள்தான்.

படி 6: பட்டை தீட்டுபவருக்கு

மேலே சொன்னதெல்லாம் புரிந்தால் இந்தப் படியில் பாதி வேலை முடிந்தது. கல்லின் முகம் தகடுகளுக்கு இணையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முரட்டுக் கல்லில் அந்தத் திசையைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிளவுத் தளத்தை நம்பி வெட்டுவது சுலபமான வழி, தவறான வழியும் அதுவே. லாப்ரடோரைட்டில் தகடுகள் ஒரு பிளவுத் தளத்தை ஒட்டிச் செல்லும், ஆனால் சரியாக ஒத்துப்போகாது, பல டிகிரி விலகியிருக்கும்.

அந்த விலகல் எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கள். முகத்துக்கும் தகட்டுக்கும் 10 டிகிரி சாய்வு இருந்தால், நேராக உள்ளே விழுந்த ஒளி திரும்பி வரும்போது 32 டிகிரி சரிந்து வெளியேறும். சாய்வு 15 என்றால் 51 டிகிரி. 20 டிகிரி ஆனால் அது வெளியே வரவே வராது, மேற்பரப்பில் முழுதாக உள்ளுக்கே மடங்கிவிடும். மோதிரத்தில் பதித்துக்கொண்டு கையைக் கோணலாகத் திருப்பினால் மட்டும் மின்னும் கற்கள் எல்லாம் இப்படி வெட்டப்பட்டவையே.

செய்ய வேண்டியது இது. முரட்டுக் கல்லை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மூழ்கவையுங்கள். காற்றில் பார்த்தால் மேற்பரப்பின் மேடுபள்ளம் ஒளியை மடக்கித் திசையைக் குழப்பும், தண்ணீரில் அந்தக் குளறுபடி வெகுவாகக் குறையும். விளக்கைக் கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, மின்னல் அதிகபட்சமாகப் பிடிக்கும்வரை கல்லைத் திருப்புங்கள். அந்த நிலையில் உங்கள் பார்வைக்குச் செங்குத்தாக ஒரு கோடு மனதில் போட்டு, கல்லை எடுத்துத் துடைத்து மார்க்கர் பேனாவால் குறியுங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாக அறுத்த முகம்தான் அடிப்பாகம். முதலில் சிறிய ஜன்னல் ஒன்றை மட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டு அறுப்பது புத்திசாலித்தனம்.

வடிவத்திலும் இரண்டு கற்களுக்கும் வேறு வேறு வழி. லாப்ரடோரைட்டுக்குத் தட்டை முகம், அல்லது லேசான வளைவு. உயரமாக வளைத்தால் முகத்தின் ஒரு கீற்று மட்டுமே மின்னும், மீதி சாம்பல். சந்திரகாந்தத்துக்கு நேர்மாறு: உயர்ந்த கபோஷான் வெட்டு (வழவழப்பான குவிந்த முகம்) ஒரு வில்லை போல வேலை செய்து, பரவிய ஒளியை நடுவில் ஒரு பட்டையாகத் திரட்டித் தரும். சந்திரகாந்தத்தின் சிறந்த பிளவுத் தளம் தகடுகளுக்குக் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறது என்பதால், சரியான திசையில் வெட்டிய கல்லின் அடியிலிருந்து மேல்வரை பிளவு ஓடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அழுத்திப் பிடிக்காமல், சூடேறவிடாமல், நீர் தாராளமாக விட்டுத் தேயுங்கள்.

படி 7: ஒன்றைப் போல் இருக்கும் மற்றவை

நகைக் கடைகளில் "ரெயின்போ மூன்ஸ்டோன்" என்று வெள்ளிப் பதக்கத்தில் வருவது சந்திரகாந்தம் இல்லை, வெள்ளை உடல் கொண்ட லாப்ரடோரைட். கல் நல்ல கல்தான், அழகும் உண்டு, பெயர் மட்டும் கடன் வாங்கியது. பிரித்துப் பார்க்க எடைதான் சுலபமான வழி. கல்லைக் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை போடுங்கள். காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் ஒப்படர்த்தி வரும். 10 காரட் கல் தண்ணீரில் 6.11 காரட் காட்டினால் ஒப்படர்த்தி 2.57, அது சந்திரகாந்தம். 6.30 காட்டினால் 2.70, லாப்ரடோரைட். 0.01 காரட் காட்டும் தராசு வேண்டும், கல் நகையில் பதித்திருக்கக் கூடாது. ஒளிவிலகல்மானி வைத்திருப்பவருக்கு இன்னும் சுலபம்: ஒன்று 1.52 பக்கம் நிற்கும், மற்றது 1.56 பக்கம்.

ஓப்பலைட் என்ற பால் கண்ணாடியையும் சந்திரகாந்தம் என்று தள்ளிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் நீலம், பின்னால் வெளிச்சம் வைத்தால் ஆரஞ்சு. நல்ல சந்திரகாந்தமும் ஊடுருவும் ஒளியில் லேசாக மஞ்சள் தட்டும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடியில் சிதறடிக்கும் துகள்கள் எல்லாத் திசையிலும் இருப்பதால் எப்படித் திருப்பினாலும் அதே நீலம். கல்லில் தகடுகள் ஒரே திசையில் இருப்பதால் ஒரு பக்கம் திரும்பியதும் ஒளி அணையும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கண்ணாடியில் காற்றுக் குமிழ், சந்திரகாந்தத்தில் பூரான் போல நடுவில் ஒரு கோடும் இருபுறமும் கால் கால்களாகவும் நுண்விரிசல்கள். பூரான் தெரிந்தால் சந்தோஷப்படலாம்.

சன்ஸ்டோன் வேறு கதை. அதில் மின்னுவது பிரிந்த ஃபெல்ட்ஸ்பார் அடுக்கு இல்லை, கல்லுக்குள் சிக்கிய வேற்றுப் பொருளின் தகடுகள். நார்வே, இந்தியக் கற்களில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு, ஒரிகான் கல்லில் செம்பு. அவை கண்ணாடித் துண்டு போல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, தடிமனுக்கு ஏற்ற நிறக் கணக்கெல்லாம் பெரும்பாலும் இல்லை. லென்ஸில் தகடுகள் தனித்தனியாகவே தெரியும். அவை ஒரே அளவில், நெருக்கமாக, கல் முழுக்க ஒரே சீராகத் தெரிந்தால் செம்புத் துகள் கலந்த செயற்கைக் கண்ணாடி என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு

மோஸ் கடின அளவுகோலில் ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6 முதல் 6.5 வரை. தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் 7. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே நாளடைவில் கீறல் விழும், முகம் மங்கினால் உள்ளே இருக்கும் அடுக்கு சரியாக இருந்தும் மின்னல் கலங்கித் தெரியும். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான தூரிகை போதும். அல்ட்ராசோனிக் இயந்திரமும் நீராவியும் வேண்டாம், பிளவுத் தளங்கள் திறந்துகொள்ளும். நகை பழுது பார்க்கக் கொடுக்கும்போது, பற்றவைப்பதற்கு முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஆசாரியின் ஊதுகுழல் சில நொடிகளில் தகடுகளைக் கரைத்துவிடாது, அதற்கு நெடுநேரம் வேண்டும். கல் இரண்டாகப் பிளப்பதற்கு அந்தச் சில நொடிகள் போதும்.